கோழிகளுக்கு வாசித்த நாவல்

நாமக்கல்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சௌந்திரத்துக்கு,

நலம். புனேயில் நீயும் பிரவீனாவும் மாப்பிள்ளையும் பாப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அடுத்த வரியில் மழை நிலவரம் எழுதுவதுதான் முறை. அதற்கு முன் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது ஃபோன் போட்டுச் சொல்வதற்குள் நானே சொன்னால் மானம் கொஞ்சமாவது மிஞ்சும். பத்து நாளைக்கு முன் நம் பண்ணையின் இரண்டாம் ஷெட்டில், ஐயாயிரம் கோழிகளுக்கு நடுவே நின்று, தேம்பித் தேம்பி அழுதேன்.

அழுததுகூடப் பெரிதில்லை, மாரியாயி பார்த்துவிட்டாள். பண்ணைக்காரன் ஷெட்டுக்குள் நின்று அழுதால் நம் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தானே. தீவன வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடியவள், முட்டை ஏற்ற வந்திருந்த லாரி டிரைவரிடம் கோழிக்குச் சீக்கு வந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறாள். அரை மணி நேரத்தில் பக்கத்துப் பண்ணை மணிமாறன், தன் கேட்டுக்கு வெளியே ரோடு வெளுக்கும் அளவுக்கு பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டார். மாலைக்குள் பதினேழு பேர் துக்கம் விசாரித்தார்கள். டாக்டர் வந்து கோழிகளைப் பார்த்தார். கடைசியில் என் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். கோழியெல்லாம் நன்றாக இருக்கிறது, உங்களைத்தான் யாரிடமாவது காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதையெல்லாம் ஃபோனில் சொல்லலாமே என்பாய். ஃபோனில் நீ ‘ம்’ என்கிறாய், உடனே பாப்பாவிடம் கொடுத்துவிடுகிறாய். பாப்பா எனக்கு மின்விசிறியைக் காட்டுகிறாள். நாலு மாதமாக அந்த மின்விசிறியோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அழுத காரணத்துக்கு வருகிறேன். நீ வருடா வருடம் மேல்நிலைப் பள்ளி வாசகர் வட்டத்தில் பேசுவாய் அல்லவா, தலைமையாசிரியை உஷாராணி இந்த முறையும் உன்னைத்தான் கேட்டார். பழைய நாவல் ஒன்றிலிருந்து இளம் வாசகர்கள் கற்கக்கூடிய வாழ்க்கைப் பாடங்கள், முக்கால் மணி நேரம். நீ ஊரில் இல்லை என்றேன். அடுத்து, எப்போது வருவாய் என்று கேட்பாரே. அந்தக் கேள்விக்குப் பயந்து, நானே பேசுகிறேன் என்று முந்திக்கொண்டேன்.

பழைய புத்தகக் கடையில் வாங்கிப் பழுப்பு உறை போட்டு நீ அலமாரியில் வைத்திருக்கும் அந்த உப்பு வியாபாரி நாவலை எடுத்தேன். அதில்தான் சிவப்புப் பென்சில் கோடுகள் நிறைய இருந்தன. நானூற்றுப் பத்துப் பக்கத்தையும் யார் படிப்பது, கோடு போட்ட வரிகளைப் பொறுக்கி ஒப்பித்துவிடலாம் என்பதுதான் என் திட்டம். முதல் கோடு இருபத்தாறாம் பக்கத்தில் இருந்தது. ‘ஊரெல்லாம் அவன் பேச்சைக் கேட்டுச் சிரித்தது. அவள் பேச்சைக் கேட்க அந்த வீட்டில் ஒரு தூண்கூட இல்லை.’

புத்தகத்தை மூடிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்து படிக்க முடியவில்லை. கோடு வருகிற பக்கத்திலெல்லாம் நீ எதிரே உட்கார்ந்து கீரை ஆய்கிற மாதிரியே இருந்தது. அதனால் ஷெட்டுக்கு எடுத்துப்போனேன். மதியம் மூன்று மணிக்கு இரண்டாம் ஷெட் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். கம்பி வலையில் வெயில் சலித்து இறங்கும். இறகுத் தூசி, விழவும் மனமில்லாமல் பறக்கவும் மனமில்லாமல் அந்த வெளிச்சத்தில் நிற்கும். அதற்குள் நடந்துகொண்டே வாய்விட்டு வாசித்தேன். முதல் நாள் கோழிகள் மிரண்டன. மூன்றாம் நாள் நான் செருமியதுமே சத்தம் அடங்கியது. என் ஆயுளில் இவ்வளவு மரியாதையான சபை வாய்த்ததில்லை. உப்பு வண்டிகள் வரிசையாகப் போகும் கட்டத்தில் கூண்டுகளுக்கு நடுவே மாட்டு மணி கேட்டது; நம்பினால் நம்பு. வெளியே வந்து பார்த்தால் கொல்லிமலை கொஞ்சம் கரைந்து, கடல் மாதிரி நீலமாகக் கிடந்தது. எந்த ஊரில் நிற்கிறேன் என்று ஒரு நிமிடம் பிடிபடவில்லை. காற்றில் உப்பு வாசம்கூட வந்தது. அது தீவனத்தில் கலக்கிற உப்பு என்று மாரியாயி சொன்னாள். அவளுக்கு ரசனை போதாது.

கதை உனக்குத் தெரிந்ததுதான். மருதாசலம் மாதக்கணக்கில் உப்பு விற்கப் போவான். திரும்பி வந்து சந்தையில் நின்று கதை சொல்வான். கதையில் கூட்டம் சிரிக்கிற இடத்திலெல்லாம் அவன் மனைவி பொன்னரசி இருப்பாள், அவளுடைய சமையல், அவளுடைய நடை, அவள் பயந்தது. அவளும் கூடச் சிரிப்பாள். ஒருநாள் பத்து நாளில் வருகிறேன் என்று அண்ணன் ஊருக்குப் போகிறாள். மிச்சமிருக்கிற முந்நூறு பக்கமும் அவன் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

சௌந்திரம், ராசிபுரத்துக் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து உன் இட்லியைப் பற்றி நான் சொன்னேனே, மண்டபமே சிரித்ததே. நீயும் சிரித்தாய். நாலாம் நாள், மகளோடு பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று புனேவுக்கு டிக்கெட் போடச் சொன்னாய். பத்து நாள் பயணத்துக்கு ஆதார் அட்டையும் மாத்திரைச் சீட்டும் பட்டுப் புடவைகளும் எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு. பீரோவில் உன் பக்கம் காலியாக இருப்பதையே போன மாதம்தான் பார்த்தேன், அதுவும் என் வேட்டியைத் தேடும்போது.

நான் அழுத பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு. அங்கே இரட்டைக் கோடு. ‘அவள் கோபித்துக்கொண்டு போகவில்லை. கோபம் இருந்திருந்தால் திரும்பி வந்திருப்பாள்.’ அந்தப் பென்சிலை நீ எவ்வளவு அழுத்தியிருந்தால் கோட்டின் தடம் தாளின் மறுபக்கம்வரை புடைத்திருக்கும்.

வெள்ளிக்கிழமை பள்ளியில் பேசினேன். உழைப்பு, நேர்மை, சிக்கனம் என்று பாடங்களை வரிசையாக எழுதிப் போயிருந்தேன். இடையிடையே என் வழக்கமான நகைச்சுவை. எல்லாம் நன்றாகத்தான் போனது. பிளஸ் ஒன் படிக்கிற ஸ்ரீதேவி என்ற பெண் எழுந்தாள்.

“சார், அந்தம்மா ஏனுங்க திரும்பி வரல?”

ஆசிரியர் அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார் என்று சமாளித்தேன்.

“அவரு போயிக் கூப்புட்டாருங்களா?”

“கூப்புடல சாமி. வருவான்னு பாத்துட்டே இருந்தாரு.”

“அப்பறம் எப்படிங்க வருவாங்க? நானா இருந்தாலும் வரமாட்டனுங்க.”

அரங்கமே சிரித்தது. முப்பது வருடமாக அந்தச் சிரிப்பைக் கிளப்பிவிட்டுக்கொண்டிருந்தவன் நான். அது வந்து விழுகிற இடத்தில் நின்று பார்த்தது அன்றுதான். அங்கே நிற்பது லேசில்லை.

எழுதிக் கொண்டுபோன தாளை மடித்துப் பையில் வைத்தேன். இந்த நாவலில் எனக்குக் கிடைத்த பாடம் ஒன்றே ஒன்று, வீட்டில் இருப்பவரிடம் இன்றைய பொழுது எப்படிப் போனது என்று கேளுங்கள், பதில் முடியும்வரை வாயைத் திறக்காதீர்கள், இரண்டாவது பாதிதான் கஷ்டம் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். இன்னும் அரை மணி நேரம் பாக்கி இருந்தது. உஷாராணி கடிகாரத்தைப் பார்த்தார். பிள்ளைகள் சீக்கிரம் விட்டதற்காகக் கை தட்டினார்கள்.

மழை நிலவரம்: இல்லை. போர்வெல் தண்ணீர் போதுமானதாக இருக்கிறது. நான் சமைத்துத்தான் சாப்பிடுகிறேன். உன் இட்லியைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கு இந்த ஜென்மத்தில் இல்லை என்பது தெளிவாகிவிட்டது. முட்டி வலிக்கு எண்ணெய் தேய்க்கிறாயா? புனே குளிருக்குச் செருப்பில்லாமல் தரையில் நடக்காதே.

வியாழக்கிழமை சேலத்தில் ரயில் ஏறுகிறேன். பண்ணையை மாரியாயியும் அவள் வீட்டுக்காரரும் பார்த்துக்கொள்வார்கள். உன்னை அழைத்துவரத்தான் வருகிறேன் என்று முதலில் எழுதி, அடித்துவிட்டேன் பார். நீ சொல்வதைக் கேட்க வருகிறேன். எத்தனை நாள் ஆனாலும் சரி. கேட்ட பிறகு, போய்விட்டு வாங்க என்று சொன்னாயானால், பாப்பாவை ஒரு சுற்றுத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டு வந்துவிடுவேன். அந்தக் கதையைக் கல்யாண வீட்டில் சொல்ல மாட்டேன்.

பிரவீனாவும் மாப்பிள்ளையும் பாப்பாவும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கட்டும். உன்னிடம் கேட்பது ஒன்றுதான், அம்மிணி. நான் வந்து மணியடிக்கும்போது கதவை நீயே திற.

இப்படிக்கு,
வாயைக் குறைக்கப் பழகிக்கொண்டிருக்கும்
கதிர்வேல்

பின்குறிப்பு: கடிதத்தோடு நாவலையும் சேர்த்து அனுப்பக் கட்டும்போது பழுப்பு உறை கழன்றுவிட்டது. உள் அட்டையில், அதே சிவப்புப் பென்சிலில், ‘பிரபாகர், பி.ஏ. இரண்டாம் ஆண்டு, 1988. கோடு போட்டதெல்லாம் ஐந்து மதிப்பெண், இரட்டைக் கோடு பத்து மதிப்பெண்’ என்று எழுதியிருக்கிறது.