மீறச் சொன்னவருக்கு

அன்புள்ள என்னங்க,

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. அதனால் இப்படியே எழுதுகிறேன். உங்கள்மேல் எனக்கு அன்பு இருந்தது; இல்லையென்றால் இவ்வளவு கோபம் மிஞ்சியிருக்காது.

கடையை மூடிவிட்டேன். திண்டுக்கல்லில் வசதியானவர்கள் வீட்டிலேயே இணையம் வைத்துக்கொண்டார்கள். பிரவுசிங் சென்டருக்கு யார் வருகிறார்கள்? எல்லா கம்ப்யூட்டரையும் விற்றுவிட்டு, நீங்கள் உட்கார்ந்து கம்ப்யூட்டர் விளையாட்டு உருவாக்கியதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நீங்கள் இருந்தவரை நான் தூசிகூடத் துடைக்கக் கூடாத கம்ப்யூட்டர் அது.

உங்கள் விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். அதனால் சொல்லிவிடுகிறேன். அதில் சுடுவது கிடையாது, வண்டி ஓட்டுவது கிடையாது. திரையில் ஓர் அறை, ஒரு கதவு, நடுவில் ஓர் ஆள். ஒரு குரல் கட்டளை போடும். அசையாத. கதவத் தொடாத. நான் சொல்ற வரைக்கும் பேசாத. சொன்னபடி கேட்டால் ஒன்றும் நடக்காது. குரல் திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருக்கும். மீறினால்தான் ஆள் நகர்வான், கதவு திறக்கும், அடுத்த அறை வரும். அடிபணிகிறவனுக்கு விளையாட்டே இல்லை என்பதுதான் உங்கள் எண்ணம்.

குரல் உங்களுடையது. மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்கப் பதிவு செய்தீர்கள். வெளியே கல்லாவில் உட்கார்ந்து கேட்ட எனக்கு ஒரு வரியும் புதிதில்லை. என் ஊர் எரியோட்டுக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டபோதும், கடைக்கு வந்தவர்கள் முன்னால் சிரித்துவிட்டபோதும் எனக்குக் கிடைத்த வரிகள்தான். நீங்கள் எதையும் புதிதாக யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

நம் மகள் நித்யாவை அதன் முன்னால் உட்கார வைத்த நாள் நினைவிருக்கிறதா? மூன்றாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறை. சின்னப் பிள்ளை எப்படி ஆடுகிறது என்று பார்க்க ஆசைப்பட்டீர்கள். கடைக்கு வந்த கல்லூரிப் பையன்கள் எல்லாரும் குரலைக் கேட்ட மறுகணமே மீறியிருந்தார்கள். இவளோ ‘அசையாத’ என்றதும் மௌசிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்படியே இருந்தாள்.

“ஏதாச்சும் அமுக்கு பாப்பா” என்று முதலில் நைசாகத்தான் சொன்னீர்கள்.

“அசையாதன்னு சொல்லியிருக்கீங்கப்பா.”

“அது விளையாட்டுக்கு. மீறணும். மீறுனாத்தான் கதவு தொறக்கும்.”

அவள் திரையைப் பார்த்தாள். உங்களைப் பார்த்தாள். “மீறுனா அடிப்பீங்களாப்பா?” என்று கேட்டாள்.

பக்கத்தில் இருந்த பையன்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பைத்தான் உங்களால் தாங்க முடியவில்லை. “மீறுன்னு சொல்றேன்ல” என்று பின்மண்டையில் அறைந்தீர்கள். பிள்ளை இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டாள். எந்தக் குரலுக்குக் கீழ்ப்படிவது? திரையில் இருக்கும் அப்பாவுக்கா, பக்கத்தில் நிற்கும் அப்பாவுக்கா? நாற்காலி நனைந்து தரையில் சொட்டியது. அவளையே துடைக்கச் சொன்னீர்கள். அதை மட்டும் உடனே செய்தாள். அது அவளுக்குப் புரிகிற கட்டளை.

பிறகு விளையாட்டை இணையத்தில் போட்டீர்கள். எங்கெங்கிருந்தோ பாராட்டு வந்தது. அடிமைப் புத்தியை இப்படி யாரும் கேள்வி கேட்டதில்லை என்று ஒருவர் இங்கிலீஷில் எழுதியிருந்ததைத் தமிழில் எனக்குச் சொல்லிக் காட்டினீர்கள். நான் நின்றுகொண்டே கேட்டேன். சொல்லி முடித்ததும் “சோத்தப் போடு” என்றீர்கள்.

நித்யா ஆறாம் வகுப்புக்குப் போன வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடையில் வைத்தே உங்களுக்கு நெஞ்சு வலித்தது. சட்டை நனைந்துவிட்டது. நான் போனை எடுத்தேன்.

“யாரையும் கூப்புடாத. வாயுதான். செத்த நேரத்துல சரியாயிரும்” என்றீர்கள்.

போனை வைத்துவிட்டேன். உங்கள் முகம் வெளுப்பதைப் பார்த்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அது பழக்கமா? பயமா? இல்லை, உங்கள் சொல்லை உங்களுக்கே திருப்பிக் கொடுத்தேனா? இதை நான் இன்னும் என்னிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அடிபணிவதைப் பற்றி அம்புட்டு யோசித்த மனிதர் நீங்கள். நீங்களாவது சொல்லுங்கள்.

ஓடியது, கடையில் எங்களோடு இருந்த நித்யாதான். யாரும் சொல்லாமல், செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கி, ஸ்டாண்டிலிருந்து ஓர் ஆட்டோவைக் கையோடு கூட்டிவந்தாள். அவளாக முடிவெடுத்து ஒன்றைச் செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆட்டோவில் உங்கள் தலை அவள் மடியில் இருந்தது. பாதி வழியில் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தீர்கள்.

“ஒன்னய யாரு கூப்புடச் சொன்னது?”

நீங்கள் கடைசியாகப் பேசியது அதுதான். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது மூச்சு இல்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். அவள் அதையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். உங்கள் மூக்கு, உங்கள் கணக்கு மூளை. கம்ப்யூட்டர் பக்கம் போவதில்லை. எங்காவது கிளம்பினால் சொல்லிவிட்டுத்தான் போவாள், ஆனால் கேட்டுவிட்டு அல்ல. அந்த வித்தியாசத்தைப் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கிறது, கொஞ்சம் வலிக்கவும் செய்கிறது. சில நாள் என் நாக்கு நுனிவரை உங்கள் குரல் வந்து நிற்கிறது. விழுங்கிக்கொள்கிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் நினைவு நாள். உங்கள் அண்ணன் நேற்று வந்திருந்தார். “புள்ளைய இந்தத் தடவையாச்சும் படத்து முன்னால விழுந்து கும்புடச் சொல்லு” என்றார். நான் பதில் சொல்லாமல் காபி கொடுத்து அனுப்பினேன்.

உங்களுக்குத்தான் பதில் சொல்கிறேன். படத்துக்குப் பூ வைப்பேன், விளக்கு ஏற்றுவேன், உங்களுக்குப் பிடித்த கத்திரிக்காய் வெஞ்சனமும் வைத்துப் படைப்பேன். கும்பிடு என்று அவளிடம் சொல்ல மாட்டேன். கும்பிடாதே என்றும் சொல்ல மாட்டேன். அவள் என்ன செய்கிறாளோ, அதை நீங்கள் படத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் மகளைப் பெற்றவள்,
செல்வி