நீட்டிப்பை அகற்றவா?

மார்ச் 3, செவ்வாய்

பதிப்பகத்து மெய்ப்பில் பிழை திருத்தி இருநூறு பக்கம் முடிந்தது. கண் எரிகிறது. வீட்டுக் கணினி மட்டும் என்னைவிட மெதுவாகப் படிக்கிறது. ஒரு சொல்லின் வேர் தேடினால் தலைமுடி வேருக்கு எண்ணெய் விளம்பரம் வருகிறது. அப்பாவைக் கேட்டேன். "எனக்கென்னம்மா தெரியும்? நான் செஸ் மட்டும்தான் பார்த்தேன்."

அந்த 'மட்டும்தான்' இடிக்கிறது.

மார்ச் 4, புதன்

இணைய உலாவியில் பதினொரு நீட்டிப்புகள், அதாவது எக்ஸ்டென்ஷன்கள்! நான் வைத்தது அகராதி ஒன்றுதான். மீதியெல்லாம் அப்பாவின் தத்துப்பிள்ளைகள்: வானிலை சொல்ல ஒன்று, மணிக்கொரு பூனைப் படம் காட்ட ஒன்று. போதாததற்கு, செஸ் ஆட்டம் பார்க்க ஏற்றிய ஒரு பழைய செருகுநிரல். அதை எழுதியவர்களே நாலு வருடம் முன்பு கைகழுவிவிட்டார்கள். அதில் ஓட்டை விழுந்தால் அடைக்க ஆளில்லை. விஷயம் தெரிந்தவன் அதன் வழியே உள்ளே வந்துவிடுவான்.

அவருடையதை நான் அழிப்பது சரியில்லை. "அகற்றவான்னு அதுவே கேக்கும், ஆமான்னு அழுத்துங்கப்பா" என்றேன். தலையாட்டினார்.

மார்ச் 7, சனி

ஒன்றுகூடப் போகவில்லை. 'இந்த நீட்டிப்பு பாதுகாப்பற்றது. அகற்றவா?' என்று கேட்டபோதெல்லாம் 'வேண்டாம்' என்று அழுத்தியிருக்கிறார்.

"ஏன்ப்பா?"

"மே மாசத்தோட ரிட்டயர்மென்ட். காலேஜ்ல நீட்டிப்பு குடுங்க, நீட்டிப்பு குடுங்கன்னு ஒவ்வொரு அறையா ஏறி இறங்கறேன். இது என்னடான்னா நீட்டிப்பை அகற்றவாங்குது. என் கையால நானே ஆமான்னு அழுத்தணுமா?"

அம்மா சிரித்துச் சிரித்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "பூனைப் படத்தை எடுத்தா வேலை போயிடுமாங்க?"

"உனக்கு விளையாட்டா இருக்கு."

தப்பு என்னுடையது. போன வருடம் திரையைத் தமிழுக்கு மாற்றியது நான்தான். எங்கோ ஓர் அறையில் யாரோ யோசித்து அந்தச் சொல்லைத் தேர்ந்தார்கள்; வேதியியல் ஆய்வக உதவியாளர் ஒருவர் அதைக் கண்டு மிரளுவார் என்று எப்படித் தெரியும்? வேலை அவருக்குப் பொழுதுபோக்கு அல்ல. தராசுத் தட்டின் சத்தத்தைக் கேட்டே அது பழுதா என்று சொல்லிவிடும் மனிதர்.

மார்ச் 10, செவ்வாய்

இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

அப்பா கல்லூரி இணையதளத்தில் பணி நீட்டிப்பு விண்ணப்பத்தைப் பாதி நிரப்பிச் சேமித்து வைத்திருந்தார். மீதியை முடிக்க இன்று உட்கார்ந்தார். காபி கொடுக்கப் போன நான் திரையில் இணைய முகவரியைப் பார்த்தேன்: கல்லூரியின் பெயரில் ஓர் எழுத்து இரண்டு முறை. பிழை பார்த்தே பிழைக்கிறவள், கண் தானாக நின்றது. "கையை எடுங்கப்பா!" கத்திட்டேன். காபி பாதி தரையில.

அதற்குள் கடவுச்சொல்லை அடித்து முடித்திருந்தார். அந்தச் செருகுநிரல்தான் அவரைப் போலிப் பக்கத்துக்குத் தள்ளியிருக்க வேண்டும். எவனாவது உள்ளே போய் விண்ணப்பத்தை அழித்துவிட்டால்? இருபதாம் தேதி கடைசி. நான் ஏன் அன்னிக்கே நீக்கலை? மரியாதையாம், மரியாதை.

அப்பா துணி எடுத்து வந்தார். தரையைத் துடைத்தார்.

மார்ச் 11, புதன்

பதிப்பகத்துக் கணினியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றினேன். விண்ணப்பம் அப்படியே இருக்கிறது. அப்பாடா.

மார்ச் 14, சனி

பெரிய துப்புரவு. கோப்புகளைத் தனியே எடுத்துவைத்து, கணினியை முழுக்க அழித்துப் புதிதாக ஏற்றினேன். உலாவி தானே புதுப்பித்துக்கொள்ளும். ஆளுக்கொரு கணக்கு. எதை நிறுவினாலும் தனிக் கடவுச்சொல் கேட்கும்.

அது யாரிடம் இருப்பது? என்னிடம் இருந்தால் அப்பா கெஞ்சுவார், நான் இளகுவேன். அம்மாவிடம் கொடுத்தேன். மருந்துக் கடையில் இருபது வருடமாக, யார் வந்து நின்றாலும் சீட்டு இல்லாமல் மாத்திரை தராதவள்.

மார்ச் 15, ஞாயிறு

காலையிலேயே முதல் நோயாளி.

"அந்த செஸ் செருகி மட்டும்..."

"சீட்டு எங்க?"

அப்பா நிஜமாகவே எழுதிக்கொண்டு வந்தார். 'நோய்: ஆட்டம் பார்க்காத ஏக்கம். மருந்து: வீடியோ செருகுநிரல், தினம் ஒரு வேளை.' அம்மா கண்ணாடி போட்டுப் படித்தாள். "காலாவதியான மருந்து. தரமாட்டேன்." சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இப்போதைய உலாவிக்கு அந்தச் செருகுநிரலே தேவையில்லை. ஆட்டம் தானாக ஓடுகிறது. இதைச் சொல்ல அரைமணி நேரம் கழித்துத்தான் மனம் வந்தது.

மார்ச் 19, வியாழன்

விண்ணப்பத்தை அனுப்பியாயிற்று. முகவரியை மூன்று பேரும் எழுத்தெழுத்தாகப் படித்தோம்.

ஏப்ரல் 9, வியாழன்

இன்று எனக்கு விடுமுறை, அப்பாவும் விடுப்பு. பதினொரு மணிக்கு அப்பாவுக்கு மின்னஞ்சல் வந்தது. பொருள்: பணி நீட்டிப்பு. இணைப்பு ஒன்று. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "திறங்கப்பா!"

"இரு." கல்லூரி அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து, ஒலியைக் கூட்டிவைத்தார்.

"மேடம், எனக்கு ஒரு மெயில் வந்திருக்கு. நீங்க அனுப்பினதா?"

"நான்தான் சார் அனுப்பினேன். திறந்து பாருங்க."

"எத்தனை மணிக்கு அனுப்பினீங்க?"

"சார்! பத்து அம்பத்தெட்டுக்கு. கோப்பு என் கையிலதான் இருக்கு, படிக்கட்டுமா? ஜூன் ஒண்ணுலேருந்து ரெண்டு வருஷம்."

அப்பா மெல்ல உட்கார்ந்தார். "இன்னொரு தடவை படிங்க மேடம்."

"இன்னும் சந்தேகமா சார்?"

"இல்லம்மா. கேக்கணும்போல இருக்கு."