வாஷர் போட்டுத்தான் முடுக்கினேன்

அன்புள்ள தங்கைக்கு,

உன் அக்கா எழுதுகிறேன். நலம் விசாரிக்க நேரமில்லை. இதைக் கொண்டுவருபவர் உன்னையும் உன் பெட்டியையும் அங்கே இறக்கிவிட்ட அதே லாரிக்காரர்தான். அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, நின்றபடியே படித்து முடி.

என் போன் உன் புருஷனிடம் இருக்கிறது. அதிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்காதே. உன் புது எண் எனக்கு மனப்பாடமில்லை, அதனால்தான் கடிதம். அவர் இவர் என்று மரியாதையாக எழுதிய காலம் இன்று காலையோடு போயிற்று. இனி அவன்தான்.

கடையைத் திறந்ததும் மின்சார வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். பின்சக்கரம் பஞ்சர், டயரும் தேய்ந்து நூல் தெரிந்தது. கூடவே சிட்டு. உன் மகள் இளைத்துவிட்டாள். பெரியம்மா என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிறவள், முதலில் அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகுதான் என்னைப் பார்த்தாள். அவளை உன்னோடு அனுப்பாமல் பிடுங்கி வைத்துக்கொண்டானே, பாவி.

"டயர மாத்திக் குடுங்க அண்ணி" என்றான், தேன் ஒழுக. மோட்டார் உள்ளேயே இருக்கிற சக்கரத்தைச் சட்டென்று உருவ முடியாது என்பது உனக்குத் தெரியும். பேட்டரியை எடுத்து, மோட்டார் வயரைப் பிரித்து, இரண்டு பக்க நட்டையும் தளர்த்திச் சக்கரத்தை இறக்கி வைத்தேன். வண்டி இனி ஓடாது, நானும் எங்கும் போகமாட்டேன் என்று ஆனதும், "அவ எங்க இருக்கா?" என்று கேட்டான். தெரியாது என்றேன். மறுபடி கேட்டான், அதையே சொன்னேன். என் இடது கை மேசை இழுப்பறையின் விளிம்பில் இருந்தது. அதை உதைத்து மூடினான்.

இரண்டு விரல் முறிந்தது. நான் அலறினேன். சிட்டு அலறவில்லை. காதைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். எப்போது திரும்ப வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. விரலை விட அதுதான் எனக்கு வலித்தது.

டயர் நெம்புகிற கம்பியால் அவன் தோளில் ஓங்கிப் போட்டேன். இன்னும் ஒன்று போட்டிருப்பேன். அதற்குள் முடியைப் பிடித்து என் முகத்தைச் சக்கரத்தின் மேல் மோதினான். மூக்கிலிருந்து ரத்தம் ரிம்மில் வழிந்தது. என் கட்டைவிரலை அழுத்திப் போனைத் திறந்தான். உன் புது வீட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாயே, வாசல் எண்ணோடு, அதைப் பார்த்துவிட்டான். போனைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "வேலைய முடி" என்றான்.

ஒன்றரைக் கையால் டயரை ஏற்றினேன். அப்போது ஒரு எண்ணம் வந்தது, உன்னிடம் மறைப்பானேன். அச்சைப் பிடித்து நிறுத்துகிற பல் வாஷர் இரண்டும் என் உள்ளங்கையில் இருந்தன. நீ வேலை பழகியபோது அதைப் போட மறந்து, தெருமுனை போவதற்குள் அச்சு சுழன்று வயர் அறுந்து சக்கரம் கழன்று, அந்தப் பால்காரர் முழங்கால் கிழிந்து வந்து நின்றாரே, ஞாபகமிருக்கிறதா? பால்காரர் மெதுவாகப் போகிறவர். இவன் வேகம் உனக்குத் தெரியும். வெறும் நட்டை முடுக்கினாலும் இவன் கண்டுபிடிக்கமாட்டான். சாகட்டும் என்று மனதார நினைத்தேன். வாஷரைப் பாவாடை மடிப்பில் செருகியும்விட்டேன்.

அப்போதுதான் சிட்டுவைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்துப் பார்த்தான். "இவளும் வர்றா. இவ கூப்பிட்டா அவ கதவத் தொறப்பா" என்றான்.

வாஷரை எடுத்தேன். பல்லைப் பள்ளத்தில் சரியாக உட்காரவைத்து, இருபக்கமும் பலம் கொண்டமட்டும் முடுக்கினேன். அவனுக்காக இவ்வளவு ஒழுங்காக ஒரு வேலை செய்தேன் பார்.

சிட்டுவை ஏற்றிக்கொண்டு போய்விட்டான், ஆனால் அவ்வளவு தூரத்துக்குப் பேட்டரியில் சார்ஜ் இல்லை, எங்காவது அதை நிறைத்த பிறகுதான் உன் ஊருக்குக் கிளம்ப முடியும். லாரி அவனை முந்திவிடும். விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு நேரே காவல் நிலையம் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தேன். உங்கள் ஊருக்கும் சொல்வதாகச் சொன்னார்கள். அதை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்காதே. கடிதத்தை எடுத்துக்கொண்டு அங்கே உள்ள ஸ்டேஷனுக்குப் போ, குழந்தை அவனிடம் இருக்கிறது என்பதை முதலில் சொல்.

நீ கிளம்புவதற்குள் அவன் வந்துவிட்டால் ஒன்று சொல்கிறேன் கேள். வெளியே அம்மா என்று கூப்பிடுவது சிட்டுவேதான். அழுவாள், கதவைத் தட்டுவாள். உன் கை தாழ்ப்பாளுக்குப் போகும். திறக்காதே, என் கண்ணே. உள்ளிருந்து சத்தம் போட்டுத் தெருவையே கூட்டு, போலீஸ் வரும்வரை அவளோடு பேசிக்கொண்டே இரு, ஆனால் திறக்காதே. வழியில் விழுந்திருப்பாளோ என்று மட்டும் பயப்படாதே. அவள் உட்கார்ந்து வருகிற சக்கரத்தை நான் மாட்டியிருக்கிறேன், கழலாது.

நீங்கள் இருவரும் என் கண் முன்னால் ஒன்றாக நிற்க வேண்டும்.

உன் அக்கா