தாழ்ப்பாள் எந்தப் பக்கம்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ நலமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். வேறு எதையும் நம்பினால் பேனா ஓடாது. உன் பழைய எண் வேலை செய்யவில்லை. மாடி வீட்டுத் தையல்காரர் நீ எடுத்த சினிமாப் படத்தின் முடிவில் ஓடும் பெயர்களை நிறுத்தி நிறுத்திக் காட்டினார். அதில் கம்பெனியின் பெயரைப் பிடித்து, அதன் விலாசத்துக்கு இதை அனுப்புகிறேன். வேறு யாராவது பிரித்துப் படித்தால், தயவுசெய்து உன்னிடம் சேர்த்துவிடும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

பதற்றத்தில் எதையாவது விட்டுவிடுவேன். ஆகையால் சொல்லவேண்டியதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்:

1. அம்மாவின் உடல்நிலை.
2. உன் படம் வந்தபின் வீட்டில் நடந்தது.
3. கடைசிக் காட்சி கனவுதான் என்பதற்கு என் நிரூபணம்.
4. உன்னிடம் ஒரு வேண்டுகோள்.

அம்மாவுக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது. சமையலறையிலிருந்து கூடத்துக்கு வருவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறாள். ஏன் என்று கேட்டால், "சுவர் விழுந்துடப் போகுதேன்னு பிடிச்சுக்கிட்டேன்" என்கிறாள். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஐயா, இது மாத்திரையில தீராது. ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுக்கிட்டே போனா அப்புறம் என் கையில எதுவும் இல்ல" என்றார். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. காரணம் பயம் அல்ல. உன் படம்.

அதில் வரும் வீடு நம் வீடு. ஜன்னல் கம்பியின் வளைவுகூட அப்படியே. இத்தனையும் நினைவிலிருந்தா கட்டினாய்? எங்கோ ஓர் அறையில் படுத்திருக்கும் பையன் திரும்பத் திரும்ப வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுகிறான். ஒவ்வொரு முறையும் அந்த அறையிலேயே விழித்துக்கொள்கிறான். கடைசி முறை தட்டும் சத்தம் கேட்கிறது. அம்மா எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். படம் முடிந்துவிடுகிறது. அவன் விழித்தானா இல்லையா என்று நீ காட்டவில்லை.

அவன் விழிக்கவில்லை, ஆகவே வந்துவிட்டான் என்பது அம்மாவின் கட்சி. படத்தில் வந்தவன் நிஜத்திலும் வருவான் என்று நாற்காலியை இழுத்துக்கொண்டுபோய் வாசற்கதவுப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். "நான் ஆஸ்பத்திரில கிடக்கும்போது அவன் வந்து பூட்டைப் பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டான்னா?" என்றாள். சாவியைத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றேன். "தையல்காரர்கிட்ட சாவி இருக்குன்னு அவனுக்குக் கனவுல வந்து யார் சொல்றது?" என்று கேட்டாள். அவளிடம் பேசி நான் எப்போது ஜெயித்தேன்?

இந்தக் காத்திருப்பை உடைத்தால் ஆஸ்பத்திரிக்கு வருவாள் என்று கணக்குப் போட்டேன். காலமெல்லாம் பிறர் வீடுகளுக்குப் பிளான் வரைந்தவன் நான். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். படத்தை மறுபடி பார்த்து, அந்த வீட்டைத் தாளில் வரைந்தேன். நீ எடுத்த கனவுகளில் எல்லாம் வீட்டில் ஏதோ ஒன்று இடம் மாறியிருக்கிறது. ஒரு கனவில் ஜன்னல் எதிர்ச்சுவரில். இன்னொன்றில் இல்லாத மாடிப்படி. அப்படியென்றால் கடைசிக் காட்சியில் மாறியது எது? தாழ்ப்பாள். கனவல்லாத பகல் காட்சிகளில் நம் வீட்டைப் போலவே வலப்பக்கம் இருக்கிறது, கடைசியில் இடப்பக்கம். அதோடு, படத்து அம்மா அதை இடது கையால் தொடுகிறாள். மற்ற எல்லாக் காட்சியிலும் வலது கைக்காரி. ஆகவே கனவு.

தாளை அம்மாவிடம் காட்டினேன். "படம் பாக்கச் சொன்னா வீட்டை அளந்துட்டு வந்திருக்கீங்க" என்று சிரித்தாள். பிறகு விரலை வைத்து ஒவ்வொரு கோடாகத் தொடர்ந்து பார்த்தாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். அதைக் கேட்டு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. தாளை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, "அப்ப நான் யாருக்காக உடம்பை அறுத்துக்கணும்?" என்றாள்.

நாற்காலி பழைய இடத்துக்குப் போய்விட்டது. காத்திருப்பது நின்றது. மாத்திரையும் நின்றது. நான் ஒருவன் இருக்கிறேனே என்று சொல்ல வாயெடுத்தேன்; கேட்டுவிட்டு என்ன சொல்வாளோ என்று பயந்து சொல்லவில்லை. இப்போது உன் அறையில், உன் கட்டிலில், சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள்.

என் வேண்டுகோள் இதுதான். உன்னை வரச்சொல்லவில்லை, அங்கே உன் நிலைமை என்னவோ. அந்தக் கடைசிக் காட்சி நிஜம் என்று அம்மாவுக்கு ஒரே ஒரு வரி எழுது. கனவென்று நினைத்தே நீ எடுத்திருந்தாலும் நிஜம் என்று எழுது. உன்னிடம் பொய் சொல்லச் சொல்லி ஒருநாள் கெஞ்சுவேன் என்று நான் நினைத்ததில்லை. கெஞ்சுகிறேன்.

இதுவரை எழுதிவிட்டு, அவளுக்கு மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்க்க எழுந்து போனேன். தூங்குகிறாள். கட்டில் ஓரத்தில், அவள் கால்மாட்டில் உட்கார்ந்தேன். எதிரே உன் பீரோவின் கண்ணாடி. அதில் கூடம் தெரிந்தது, வாசற்கதவு தெரிந்தது. தாழ்ப்பாள் இடப்பக்கம்.

நீ கட்டிய வீட்டிலும் கேமராவை இதே இடத்தில்தான் வைத்திருக்கிறாய், கண்ணாடியைப் பார்த்து, அதன் சட்டம் தெரியாதபடி. அந்தக் காட்சியில் எதுவும் இடம் மாறவில்லை; தாழ்ப்பாளும் படத்து அம்மாவின் கையும் கண்ணாடியில் பக்கம் மாறித் தெரிந்தன, அவ்வளவுதான். சின்ன வயதில் இந்தக் கட்டிலில் படுத்தபடி, அம்மா கதவு திறக்கப் போவதை நீ பார்த்தது அப்படித்தான். அப்படியென்றால் அதைப் பார்க்கிறவன் வீட்டுக்கு உள்ளே இருக்கிறான். தட்டுவது வேறு யாரோ. பையன் ஏற்கெனவே வந்துவிட்டான். இப்படி எடுத்துக்கொள்ளலாமா? ஒருமுறை நிரூபித்து அவளைப் படுக்கவைத்தவன் நான். மறுபடி என் வாயால் சொல்லத் துணிவில்லை. நீ சொல்.

எங்கிருந்தாலும் உடம்பைப் பார்த்துக்கொள். நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும். தபால் மெதுவாகத்தான் போகும். நீ சீக்கிரம் எழுது.

மேலே எழுதிய எதையும் அடிக்கவில்லை, நான் எப்படி யோசித்தேன் என்று நீ பார்க்கவேண்டும் என்பதற்காக. ஆனால் முதலில் போட்ட வரிசையில் மூன்றாவது தவறு.

இப்படிக்கு,
அப்பா