திரும்ப வைங்க, மாமா

மார்ச் 3
ஊழியர் குடியிருப்பு, ஓட்டலின் பின்புறம்

மாமா அவர்களுக்கு,

வணக்கம். அத்தையின் முட்டி வலி இப்போது எப்படி இருக்கிறது? நலம் விசாரித்தாயிற்று, விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் பேசலாம் என்றால் நீங்கள் எடுப்பதில்லை. உங்கள் மகளிடம் சொன்னால், "நீ போன்ல பேசுனா சண்டைதான் வரும். எழுது. எழுதும்போதாவது உன் வேகம் குறையும்" என்கிறாள். நீங்கள் ரயிலேறிய அன்று "அம்மாவைக் கொண்டுபோய் விட்டுட்டு வரேன்" என்று கூடவே கிளம்பியவள், இப்போது "அப்பாகிட்ட பேசி முடி, அப்புறம் வரேன்" என்று நிற்கிறாள். பேசி முடிக்கத்தான் எழுதுகிறேன்.

என் பக்கத்திலிருந்து பார்த்தால் நடந்தது இதுதான். இங்கே வேலை செய்பவர்களின் குடும்பத்துக்கு வருஷத்தில் ஒரு தடவை ஓசியில் அறை கொடுப்பார்கள். அதோடு ஒன்பதாம் மாடி லவுஞ்சில் டீ, தீனி எல்லாம் சேர்த்தி. அந்தச் சலுகையில்தான் உங்கள் இருவரையும் வரச் சொன்னேன். சனிக்கிழமை சாயங்காலம் டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு லவுஞ்சுக்குள் நுழைகிறேன். நீங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் டப்பாவைத் திறந்துவைத்து, பெரிய தட்டிலிருந்து ரொட்டியும் கேக்கும் எடுத்து அடுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். லவுஞ்ச் மேனேஜர் அம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். நான், "மாமா, இங்கேருந்து எதையும் கட்டிக்கிட்டுப் போகக் கூடாது. திரும்ப வைங்க" என்றேன். நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தீர்கள், டப்பாவை மூடினீர்கள், விடிந்ததும் ஊருக்குக் கிளம்பிவிட்டீர்கள்.

விதி என்னுடையது இல்லை. லவுஞ்சில் இருப்பது லவுஞ்சில் உட்கார்ந்து சாப்பிட. எத்தனை தடவை எழுந்து போய் எடுத்தாலும் யாரும் உங்கள் தட்டை எட்டிப் பார்க்க மாட்டார்கள். வெளியே மட்டும் போகக் கூடாது. ஒரு மாடிக்கு என்று சுடவைத்த வெந்நீரில் ஒரே அறைக்காரர் துணி துவைத்தால் மற்ற அறைகளுக்குப் பச்சைத்தண்ணீர்தான் வரும். அதே கணக்கு.

சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, இந்த மாதம்தான் என் இன்ஜினியர் வேலை நிரந்தரமாக வேண்டும். மறுநாளே மேலாளரிடமிருந்து எனக்கு மெமோ. 'லவுஞ்ச் உணவு விவகாரம்' என்று தலைப்பு. பதினெட்டாம் தேதி நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும். இதையும் நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

நான் சொன்னது சரி. சொன்ன விதம் சரியில்லை என்று உங்கள் மகள் சொல்கிறாள். இருக்கலாம்.

மாப்பிள்ளை


மார்ச் 7

மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொள்வது.

இங்கே யாருக்கும் ஒரு குறையும் இல்லை. அங்கே நீங்களும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள், எடுத்த இடத்திலேயே உட்கார்ந்து.

முதலில் ஒரு திருத்தம். உங்கள் அத்தைக்கு முட்டியில் ஒன்றுமில்லை. முட்டி வலி எனக்கு. அவளுக்கு அன்று ரயிலில் வரும்போதே வாந்தி. மத்தியானமும் ஒன்றும் இறங்காமல் அறையில் சுருண்டு படுத்திருந்தாள். சாயங்காலம் கண் விழித்து, "வெறும் ரொட்டி கிடைச்சா நல்லாருக்கும்" என்றாள். நான் லவுஞ்சுக்குப் போய் டீ ஊற்றுகிற பெண்ணிடம், "அம்மா, வீட்டுக்காரி மேலுக்கு முடியாம படுத்திருக்கா, ரெண்டு ரொட்டி ரூமுக்குக் கொண்டுபோகலாமா?" என்று கேட்டேன். "எடுத்துக்கங்க ஐயா" என்றது அந்தப் பெண். எடுத்துக்கொண்டேன். அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள்.

விதியைப் பற்றி எனக்குச் சண்டை கிடையாது. பென்ஷன் வாங்கும்வரை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான், விதி சொல்லியே வயிறு வளர்த்தவன். ஆனால் டிக்கெட் எடுக்காத ஆளைப் பிடித்தால்கூட, பக்கத்தில் போய்க் குனிந்து, காதோடு காதாக, "அடுத்த ஸ்டாப்ல இறங்கிக்கங்க" என்றுதான் சொல்வேன். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி யாரையும் சொன்னதில்லை. அதற்கு முன்னால் "ஏன் எடுக்கலை?" என்று ஒரு கேள்வியும் கேட்பேன். நீங்கள் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். அன்று லவுஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் கப்பைக் கீழே வைத்துவிட்டு என் டப்பாவைப் பார்த்தார்கள். உங்கள் அத்தை அன்று ராத்திரி தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தாள்.

பாப்பாவை நான் பிடித்து வைக்கவில்லை. நானும் தினம் கேட்கிறேன், "எப்பம்மா கிளம்பற?" என்று. "நீங்க ரெண்டு பேரும் முடிச்சதும்" என்கிறாள்.

மெமோ விஷயம் படித்தேன். வருத்தமாக இருக்கிறது. அது மட்டும் நிஜம்.

மாமனார்


மார்ச் 10

மாமா அவர்களுக்கு,

முட்டி உங்களுடையது என்பதைக் குறித்துக்கொண்டேன்.

அத்தைக்கு வாந்தி என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை என்று எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன் உங்கள் மகளைக் கேட்டேன். அன்று மத்தியானமே போனில் சொன்னாளாம். நான் பாய்லர் அறையில் இருந்தேனாம், "சரி சரி" என்றேனாம். பாய்லர் சத்தத்தில் எதைச் சொன்னாலும் நான் சரி சரி என்றுதான் சொல்வேன். ஆக, என் தப்பு.

டீ ஊற்றுகிற பெண்ணையும் கேட்டேன். "ஆமா சார், நான்தான் சொன்னேன். முடியாதவங்களுக்கு ஒரு தட்டு ரூமுக்குக் கொண்டுபோகலாம், எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றாள். இப்படி ஒரு விதி இருப்பது எனக்குத் தெரியாது. இந்த ஓட்டலில் எந்தக் கதவு எந்தக் கார்டுக்குத் திறக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன், இது தெரியவில்லை. இதுவும் என் தப்பு.

ஆனால் அந்தப் பெண் இன்னொன்றும் சொல்லிச் சிரித்தாள். "ரெண்டு ரொட்டின்னுதான் கேட்டாரு சார். டப்பால ஆறு கேக்கும் இருந்துச்சு." வாந்தி எடுத்துப் படுத்திருக்கிற அத்தைக்கு க்ரீம் கேக் எதற்கு? 'எடுத்துக்கங்க' என்ற சொல்லுக்கு ஒரு வால்வு கிடையாது, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஓடும். இங்கேயே சாப்பிடுங்க என்றும் ஆகும், கொண்டுபோங்க என்றும் ஆகும். அதற்காக ஆறு கேக் ஓடுமா? நான் கேட்கவில்லை, சரி. நீங்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை? "அத்தைக்கு முடியலை மாப்பிள்ளை" என்று சொல்லியிருந்தால் நான் அங்கேயே வாயை மூடியிருப்பேன்.

பதினெட்டாம் தேதி நெருங்குகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, மாமா. இதை உங்கள் மகளிடம் சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். வேலை போனால் இந்தக் குடியிருப்பையும் காலி செய்ய வேண்டும். அப்புறம் அவள் திரும்பி வருவதற்கு வீடு என்று ஒன்று இருக்காது. அவள் துவைத்துப் போட்டுவிட்டுப் போன துப்பட்டா இன்னும் கொடியில் கிடக்கிறது. காய்ந்து எத்தனையோ நாள் ஆயிற்று. மடிக்கத் தெரியாமல் இல்லை.

மாப்பிள்ளை


மார்ச் 14

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நீங்கள் பயமாக இருக்கிறது என்று எழுதிய பிறகு நான் முறுக்கிக்கொண்டு நிற்பது நியாயமில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

கேக் ஆறு இல்லை, ஏழு. ஏழாவதை டப்பாவில் இடம் இல்லாமல் வாயில் போட்டுக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துத்தான் நீங்கள் "மாமா" என்றீர்கள். நான் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தேன் என்று எழுதியிருந்தீர்களே, பேசுவதற்கு வாயில் இடமில்லை. கோபத்தில் வாயை மூடிக்கொண்டேன் என்று உங்கள் அத்தையிலிருந்து பாப்பாவரை எல்லோரும் நம்பிவிட்டார்கள். நானும் கொஞ்ச நேரத்தில் அப்படியே நம்பிவிட்டேன்.

கேக் யாருக்கு என்று கேட்டீர்கள். டிப்போவுக்குப் பின்னால் நாங்கள் பழைய ஆட்கள் நாலைந்து பேர் சாயங்காலம் கேரம் ஆடுவோம். என்னோடு ஓடின டிரைவர் ஒருவன் உண்டு. "உன் மாப்பிள்ளை ஓட்டல்ல பிளம்பர்தானே" என்று ஒவ்வொரு நாளும் வம்புக்கு இழுப்பான். இன்ஜினியர் என்றால் நம்ப மாட்டான். எங்கள் இருவருக்கும் ஒன்பதாம் மாடியில் அறை, கதவு கார்டு வைத்தால் திறக்கிறது, திறக்க வைத்தது என் மாப்பிள்ளை என்றெல்லாம் அவனிடம் சொல்ல வேண்டும். சும்மா சொன்னால் எடுபடாது, கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்று தோன்றியது. அந்த க்ரீம் பூ மாதிரி நம் பக்கத்துக் கடையில் யாரும் போடுவதில்லை.

ஆகவே அந்தப் பெண் ரொட்டிக்குத்தான் சரி என்றது. கேக் என் கை நீண்டது.

பதினெட்டாம் தேதி நான் வருகிறேன். எடுத்தவன் நான், விளக்கமும் நான்தான் சொல்ல வேண்டும். வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். என்ன சொல்கிறீர்கள் என்று போன் பண்ணுங்கள். எடுக்கிறேன்.

மாமனார்

பி.கு. கேக் நன்றாக இருந்தது. ஆனால் விழுங்கத்தான் சிரமப்பட்டேன்.


மார்ச் 18

மாமாவுக்கு,

நேற்று போனில் "வர வேண்டாம் மாமா, நான் பார்த்துக்கறேன்" என்றேன். நீங்கள் "சரிங்க மாப்பிள்ளை, தைரியமா போங்க" என்று வைத்துவிட்டீர்கள். நாம் சண்டையில்லாமல் பேசி முடித்த முதல் போன் அதுதான் என்று நினைக்கிறேன்.

வேலை நிரந்தரம் ஆகிவிட்டது. உத்தரவு கையில் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றது.

மேலாளர் அறையில் லவுஞ்ச் மேனேஜர் அம்மாவும் இருந்தார். நான் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்தேன். "சார், என் மாமனார் எடுத்தது ரெண்டு ரொட்டி, அது என் மாமியாருக்கு உடம்பு முடியாததால, மீதி கேக்கு..."

மேலாளர் கையைக் காட்டி நிறுத்தினார். "எடுத்ததைப் பத்தி இங்க யாரு கேட்டா? பெரியவர் நாலு கேக் எடுத்தா ஓட்டல் மூழ்கிடுமா? மேடம் பக்கத்துல போய் மெதுவா ஒரு வார்த்தை சொல்லியிருப்பாங்க. சொல்லத்தான் கிளம்பினாங்க, அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க. டப்பாக்குள்ள போனதைத் திரும்பத் தட்டுல வைக்கச் சொன்னது யாரு?"

"நான்தான் சார்."

"வெளியிலேருந்து வந்த டப்பா. கையால எடுத்துக் கையால வைக்கிறாரு. மத்த கெஸ்ட் சாப்பிடற தட்டு அது. நீங்க குழாய்ல போன தண்ணியத் திரும்ப டேங்குக்கு விடுவீங்களா?"

விட மாட்டேன், மாமா. விடாமல் இருப்பதற்கென்றே ஒரு வால்வு இருக்கிறது, திரும்பி வர விடாத வால்வு. இந்தக் கட்டடத்தில் அதை எல்லாக் குழாயிலும் மாட்டினவன் நான். மேலாளர் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினேன்.

நாம் போன பிறகு அந்தப் பெரிய தட்டு முழுவதையும் குப்பையில் கொட்டினார்களாம். எடுத்தால் பக்கத்தில் வந்து ஒரு பேச்சோடு முடியும். திரும்ப வைத்தால்தான் மெமோ. வந்த மெமோ உங்களால் வந்தது இல்லை, முழுக்க முழுக்க என்னால் வந்தது. இத்தனை நாளும் உங்கள் மேல் ஏற்றி வைத்திருந்தேன்.

தண்டனை உண்டு. சமையலறைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நடக்கும் சுத்தம் சுகாதார வகுப்பில் நானும் உட்கார வேண்டும். இன்று மத்தியானம் உட்கார்ந்தேன். தலைக்கு வலைத்தொப்பி. சமையல் மாஸ்டர் என் விரல் இடுக்கைப் பார்த்து, "பாய்லர் கருப்பு இன்னும் இருக்கு, மறுபடி கழுவு" என்று எழுப்பி அனுப்பினார். எல்லோர் முன்னாலும்தான் சொன்னார். சத்தமாகவும் சொன்னார். காதோடு காதாகச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. உடனே உங்கள் ஞாபகம் வந்தது.

அறையை விட்டு வெளியே வரும்போது லவுஞ்ச் மேனேஜர் அம்மா, "உங்க மாமியாருக்கு இப்ப உடம்பு பரவாயில்லையா?" என்று கேட்டார். டீ ஊற்றுகிற பெண் சொல்லியிருக்கிறாள். அவர் கேட்டுவிட்டார். நான் அன்றைக்குக் கேட்கவில்லை.

லவுஞ்சில் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று எழுத நினைத்தேன். இன்றைய வகுப்பில் படித்ததற்கு அது விரோதம். அதனால் மன்னிப்பு மட்டும் கேட்கிறேன், மாமா. மன்னிச்சிருங்க. அத்தையிடமும் சொல்லுங்கள்.

தனியாக ஒரு பார்சல் வரும். ஓட்டல் வாசலில் இருக்கும் எங்கள் கேக் கடையில் வாங்கினேன். க்ரீம் பூ வழியில் கெட்டுவிடும் என்றார்கள், அதனால் பழக் கேக். பெட்டியின் மேல் அனுப்புநர் இடத்தில் என் பதவியைக் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன். அந்த டிரைவருக்குக் கண்ணாடி தேவைப்படாது.

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 22

பிரியமுள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதத்தை உங்கள் அத்தை உரக்கப் படித்தாள். வேலை நிரந்தரம் என்ற வரியை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். அப்புறம் அவள் எழுந்து போய் டீ போட்டாள். என்னால் ஒரு பிள்ளை வேலை இழந்தான் என்ற பேர் வந்துவிடுமோ என்று இந்த நாட்களில் நான் சரியாகச் சாப்பிடவில்லை. கேக் என்று யாராவது சொன்னால்கூடத் திடுக்கிட்டேன்.

பார்சல் வந்தது. டிப்போவுக்குப் பெட்டியோடு கொண்டுபோனேன். டிரைவர் மேல் எழுத்தை இரண்டு தரம் படித்தான், இரண்டு துண்டு சாப்பிட்டான், "பிளம்பர் கேக் நல்லாத்தான் இருக்கு" என்றான். அவனைத் திருத்த முடியாது. ஆனால் மூன்றாவது துண்டு கேட்டபோது, "இன்ஜினியர் கேக்குன்னு சொல்லு, தரேன்" என்றேன். சொன்னான்.

எடுத்ததைத் திரும்ப வைக்கக் கூடாது என்ற உங்கள் ஓட்டல் விதி எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து நீங்கள் அழைத்துப் போனவளையும் திரும்ப வைத்துக்கொள்வதாக நாங்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ரயிலில் அனுப்பிவைக்கிறேன்.

மன்னிப்பெல்லாம் பெரிய வார்த்தை. அடுத்த வருஷம் அறை கொடுத்தால் சொல்லுங்கள். வெறுங்கையோடு வருகிறோம்.

உங்கள் மாமா

இதற்குக் கீழே நான் எழுதுகிறேன். அப்பா தபாலில் போடுவதற்கு முன் இன்னொரு தரம் படிப்பார், அதனால் 'நீங்கள்'.

நான் கேக் இல்லை. என்னை யாரும் எடுக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை, அனுப்பவும் வேண்டாம். டிக்கெட்டை நானே எடுத்துவிட்டேன். உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் அம்மா எனக்குப் படிக்கக் கொடுத்துவிட்டாள், நீங்கள் சொல்ல வேண்டாம் என்றதையும் சேர்த்து. வேலை போனால் போகிற வீடு, வரவேண்டியவள் நான். அந்தப் பயத்தை என்னிடம் சொல்லாமல் அப்பாவிடம் சொல்வீர்களா? அதை நேரில் கேட்கிறேன். சண்டைதான். இப்போதே சொல்லிவிட்டேன்.

அப்புறம், டிக்கெட் எடுக்காதவர்களிடம் காதோடு காதாகச் சொன்னதாக அப்பா எழுதியிருக்கிறாராம். அவர் பஸ் எங்கள் தெருமுனை திரும்பும்போதே "எறங்குய்யா கீழ" என்று வீட்டுக்குள் கேட்கும். அம்மா அதைக் கேட்டுத்தான் அடுப்பில் தண்ணீர் வைப்பாள். நீங்கள் இருவரும் ஒரே ரகம், அதனால்தான் ஒத்துப்போகவில்லை.

கொடியில் கிடப்பதை மடித்து வையுங்கள். ஸ்டேஷனுக்கு வாருங்கள். அந்த எவர்சில்வர் டப்பாவை அம்மா நிரப்பித் தருகிறாள். பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு திரும்ப வைக்கச் சொல்லாதீர்கள்.