வழிப்போக்கனுக்கு ஒரு துண்டு

ஸகோரி மலை, கிரீஸ்
20 அக்டோபர் 1973

அக்லாயாவுக்கு,

நான் நலம். ஆடுகளும் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. ஒரு விவரம் வேண்டியிருக்கிறது.

உன் அம்மா போன பிறகு பீன்ஸும் ரொட்டியுமாகக் காலம் ஓடுகிறது. பக்கத்து வீட்டு எவந்தியா ஒரு நாள், மாவு ஏடுகளுக்கு நடுவில் கீரை வைத்துச் சுட்ட பிட்டா கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்தவள் சும்மா இருக்க வேண்டாமா? தண்ணீர் பிடிக்கும் இடத்தில் நின்று, "பாவம் மனுசன், தட்டையே வழிச்சு நக்கிட்டாரு" என்று சொல்லியிருக்கிறாள். இனி பிறர் வீட்டுப் பிட்டா இந்த வாசலைத் தாண்டாது என்று நானே மாவு பிசைந்தேன். ஜன்னல்களைச் சாத்திக்கொண்டுதான். தேய்த்தால் சுருங்குகிறது, இழுத்தால் கிழிகிறது. நேற்று சுட்டதை நாய் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது.

உன் அம்மா தேய்த்த மாவு ஏட்டுக்கு அடியில் கையை வைத்தால் ரேகை தெரியும். அந்த வித்தையை அவள் உனக்குத்தான் சொல்லிக்கொடுத்தாள். மாவை எவ்வளவு நேரம் ஊறவிட வேண்டும்? கீரை வைக்கும் உப்புப் பிட்டாவுக்கும் பூசணி வைக்கும் இனிப்புப் பிட்டாவுக்கும் ஒரே ஏடுதானா? பூசணிக்காய்கள் கூடத்தில் கிடந்து என்னையே பார்க்கின்றன.

கோஸ்மாஸ்


மெல்போர்ன்
8 நவம்பர் 1973

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் வீட்டை விட்டு வந்து ஒன்பது வருடம். உங்களிடமிருந்து வந்த முதல் கடிதம் இதுதான், அதுவும் மாவு பிசைய வரவில்லை என்று. முதலில் சிரித்தேன். பிறகு அழுதேன். ஃபோட்டிஸ் பயந்துபோய்க் கடிதத்தை வாங்கிப் படித்தான். "மாமாவை எண்ணெயைக் கொஞ்சம் தாராளமா விடச் சொல்லு. கோபக்காரங்க கை மாவைக் காய வச்சிடும்" என்றான். கோபித்துக்கொள்ளாதீர்கள், அவன் சொன்னது சரிதான்.

மாவு மிருதுவாக, காது மடல் மாதிரி இருக்க வேண்டும். ஈரத்துணி போட்டு மூடிவிட்டு ஆடுகளைப் பார்க்கப் போய்விடுங்கள். திரும்பி வரும்போது அது சொன்னபடி கேட்கும். மெல்லிய நீளக் கட்டையில் சுற்றி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்க்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே ஏடுதான். பூசணியைத் துருவி, உப்புப் போட்டுப் பிழிந்த பிறகு சர்க்கரை சேருங்கள். பிழியாவிட்டால் அடி நமத்துப்போகும்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். புத்தாண்டுப் பிட்டாவைக் கிறிஸ்துவுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று வெட்டி, வெளியூரில் இருப்பவர்களுக்கும் பெயர் சொல்லித் துண்டு எடுத்து வைப்போமே. எனக்கு வெட்டினீர்களா? அம்மா எல்லாவற்றையும் எழுதுவாள், இதை மட்டும் எழுதியதே இல்லை.

உங்கள் மகள்
அக்லாயா


ஸகோரி
27 நவம்பர் 1973

அக்லாயா,

ஏடு வந்துவிட்டது. கை ரேகை தெரியவில்லை, விரல் தெரிகிறது. கீரைப் பிட்டாவில் ஒரு துண்டை எவந்தியாவுக்குக் கொடுத்தனுப்பினேன். அவள் வாயே திறக்கவில்லை. அது போதும் எனக்கு.

யாருக்கு யார் மாமா? கல்யாண வீடுகளில் கிளாரினெட் ஊதிப் பிழைப்பவனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்றேன். கொடுக்கவில்லை. அவன் கூட்டிக்கொண்டு போனான். இந்த வீட்டில் உங்கள் பேச்சே எழக்கூடாது என்று சொன்னவனும் நான்தான்.

நீ கேட்டதற்குப் பதில். உன் பெயரில் வெட்டவில்லை. ஆனால் நீ போன வருடத்திலிருந்து உன் அம்மா, "வழிப்போக்கனுக்கு" என்று சொல்லி ஒரு துண்டு வெட்டுவாள். ஜனவரிப் பனியில் நம் மலைக்கு எந்த வழிப்போக்கன் ஏறி வரப்போகிறான்? எல்லாத் துண்டையும்விட அதுதான் பெரிதாக இருக்கும். நான் அதைக் கவனிக்காதவன் போல ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இந்த வருடம் வெட்டப்போவது நான். உன் பெயரைச் சொல்கிறேன்.

அப்பா


மெல்போர்ன்
12 டிசம்பர் 1973

அன்புள்ள அப்பா,

அந்தப் பெரிய துண்டை நினைத்து இரண்டு நாள் அடுப்புப் பக்கமே போகவில்லை. ஃபோட்டிஸ்தான் சமைத்தான்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். என் பெயரை மட்டும் சொல்லி வெட்டுவதாக இருந்தால் வேண்டாம் அப்பா. நான் தனி ஆள் இல்லை. அவன் வாரமெல்லாம் டயர் தொழிற்சாலையில் நிற்கிறான், சனிக்கிழமைகளில் நம் ஊர்க்காரர்கள் கல்யாணத்தில் ஊதுகிறான். அம்மா போன செய்தி வந்த அன்று, அவளுக்குப் பிடித்த ஒப்பாரியைக் கொல்லையில் நின்று ஊதினான். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த ஆஸ்திரேலியக் கிழவர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

அவன் பெயரும் இருந்தால் என் பெயரைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நான் வழிப்போக்கனாகவே இருந்துவிடுகிறேன்.

அக்லாயா


ஸகோரி
2 ஜனவரி 1974

அன்பு மகளே,

உன் கடிதம் வந்ததும் அதை அடுப்பில் போடத்தான் எடுத்தேன். போடவில்லை.

நேற்று எவந்தியாவையும் அவள் புருஷனையும் கூப்பிட்டிருந்தேன், சாட்சி வேண்டுமே. உன்னைக் கூட்டிக்கொண்டு போனவனுக்கு உப்பு பிடிக்குமா இனிப்பு பிடிக்குமா என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் கேட்கத் தோன்றவில்லை. அதனால் ஒரே தட்டத்தில் பாதி பாலாடைக்கட்டி, பாதி பூசணி வைத்தேன். உள்ளே வழக்கம்போல் வீட்டுக்கு ஒரு காசு, ஆட்டுப்பட்டிக்கு ஒரு மரக்குச்சி. தட்டத்தை மூன்று முறை சுற்றிவிட்டு வெட்டினேன். கிறிஸ்துவுக்கு. வீட்டுக்கு. உன் அம்மாவுக்கு. அக்லாயாவுக்கு. கத்தியைத் துணியில் ஒரு முறை துடைத்துக்கொண்டேன். எவந்தியாவின் கண் என் மேலேயே இருந்தது. "ஃபோட்டிஸுக்கு" என்றேன். உப்பும் இனிப்பும் சேரும் இடத்தில் வெட்டினேன்.

ஆட்டுக்குச்சி அவன் துண்டில் இருந்தது.

எவந்தியா விடுவாளா? "குச்சியை வச்சதும் நீங்க, தட்டத்தைச் சுத்துனதும் நீங்க" என்றாள். எல்லாம் தெய்வச் செயல் என்றேன். நீ கேட்டாலும் அதே பதில்தான்.

குச்சி யார் துண்டில் வருகிறதோ, அந்த வருடம் ஆடுகள் அவன் பொறுப்பு. வழக்கத்தை மீற நான் யார்? முழங்கால் வேறு வலிக்கிறது. பனி உருகியதும் இருவரும் கிளம்பி வாருங்கள். குழலையும் கொண்டுவரட்டும். ஆடுகளுக்குப் பிடிக்கும். உன் அம்மாவுக்கு ஊதியதை அவள் கல்லறைப் பக்கம் ஒரு முறை ஊதட்டும், நான் ஜன்னல் பக்கம் பார்க்க மாட்டேன்.

மாமா வரச் சொன்னதாகச் சொல்.

உன் அப்பா