பித்தளை வால்வும் ஆறு கணவாயும்

மார்ச் 4
அக்கா மகள் பதினைந்து நாள் பயிற்சிக்கு வெளியூர் கிளம்பிவிட்டாள். அவளுடைய ஆய்வுக்கூடத்துத் தொட்டியும் அதிலுள்ள ஆறு கணவாய் மீனும் என் பொறுப்பு. இதுகள் முட்டை வைத்தால்தான் அவளது இரண்டு வருட ஆராய்ச்சி கரையேறும், வேலையும் நிலைக்கும். அந்தத் தொட்டிக்குக் குழாய் இழுத்ததே நான்தானே! குழாய் வேலையில் என்னை மிஞ்ச ஏழு ஊரில் ஆள் கிடையாது. எட்டாவதோடு நான் நின்றது பள்ளிக்கூடத்துக்குத்தான் நஷ்டம்.

"மாமா, எதையும் மாத்தாதீங்க. அந்த பிளாஸ்டிக் வால்வு சொட்டினா கீழ ஒரு வாளி வைங்க, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வாளி வைப்பதா? நானா?

மார்ச் 5
பித்தளை வால்வு போட்டாயிற்று. தங்கம் தோற்றது. சொட்டும் நின்றது. கப்பலில் போடுகிற சரக்கு என்று ஆய்வுக்கூடத்துக் காவலாளியிடம் சொன்னேன். வாய் பிளந்தார்.

மார்ச் 8
பெரியது இறாலைத் தொடவில்லை. மை கக்கிக் கக்கித் தண்ணீரே கறுத்துவிட்டது. உடம்பைக் குறைக்கப் பார்க்கிறது என்றேன். காவலாளி என் தொப்பையைப் பார்த்தார். "உங்களவிட வெவரம்தான்."

மார்ச் 9
செத்துவிட்டது.

மார்ச் 10
இன்னொன்றும். நிமிடத்துக்கு ஒரு நிறம் காட்டியது, வெளுத்த துணி மாதிரி கிடக்கிறது. அவள் போன் செய்தாள். "நல்லா சாப்பிடுதுங்களா மாமா?"

"இறால் பத்தலம்மா, அந்த அடி அடிக்குதுங்க!"

வாய் தன்பாட்டுக்குப் பேசியது. பக்கத்தில் நின்று நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் 11
மூன்றாவது. பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மீன்தொட்டிக் கடைக்கு ஓடினேன். புதிதாக என்ன போட்டீர்கள் என்று கடைக்காரர் கேட்டார். சொன்னேன்.

"பித்தளையில செம்பு இருக்குய்யா! உப்புத்தண்ணி அத அரிச்சு எறக்கிடும். கணவாய்க்கு அது வெஷம். எந்த மடையன் போட்டான்?"

"ஒரு தெரிஞ்சவர்."

"இனிமே அவரத் தெரியாதுன்னு சொல்லிடுங்க."

வால்வைப் பிடுங்கி எறிந்தேன். பிளாஸ்டிக் பீப்பாயில் புதிதாக உப்புத்தண்ணீர் கரைத்து, மிச்சம் மூன்றையும் அதில் விட்டேன். இருந்துடுங்கடா. ஒரு ஜோடி இருந்தாப் போதும். என்ன காரியம் பண்ணிட்டேன் நான்? வாளிதானே வைக்கச் சொன்னா புள்ள!

மார்ச் 12
அவளைக் கூப்பிட்டேன். கரண்ட் போனது, கலப்படத் தீனி என்று நாலு கதை தயாராக இருந்தது. ஒன்றும் வாய்க்கு வரவில்லை. "பித்தளை போட்டுட்டேம்மா. மூணு போச்சு."

அழுகிறாளா என்று காது கொடுத்தேன். "மிச்சத்துல பொண்ணு எது மாமா?" என்றாள்.

தெரியாது என்றேன். அந்தச் சொல்லை அவளிடம் சொன்னது இதுவே முதல் தடவை.

மார்ச் 14
மிச்சம் இரண்டு.

மார்ச் 16
பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு வந்துவிட்டாள். காலையில் இன்னொன்றும் போயிருந்தது. பீப்பாய் முன் குந்தி, மிஞ்சியதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆம்பள மாமா இது. தனியா என்ன பண்ணும்?"

திட்டியிருக்கலாம்.

மார்ச் 20
ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. தொட்டியைக் கழற்றினோம். மூட்டு மூட்டாக நான் பிரிக்க, அவள் வாங்கி அடுக்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா, "அங்க என்னடா ஆச்சு?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தாள். என் கதைகளின் நீளம் அவளுக்குத் தெரியும்.

நடந்ததை நடந்தபடி சொன்னேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.